மறு: கலைச்சொல் விவாதம்: தேடுவேட்டைச் செயலியில் ஸ்டாப், ஜியோஃபென்ஸ், க்ளூ

அனைவருக்கும் வணக்கம். தேடுவேட்டைச் செயலி என்பது கைபேசியைப் பார்த்துத் தெருத்தெருவாக நடந்து, துப்பை வைத்து ஒவ்வோர் இடமாகக் கண்டுபிடித்து, அங்கே கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் விளையாட்டு. அந்த இடம்தான் ஸ்டாப். அதைச் சுற்றி வரைபடத்தில் போடும் எல்லை ஜியோஃபென்ஸ்; ஆள் அதற்குள் வந்ததைக் கைபேசி அறிந்துகொள்ளும். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் பற்றி முன்மடல்களில் வந்த கருத்துகளை மேற்கோளாகக் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ஸ்டாப் என்பதற்கு ‘நிறுத்தம்’ இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

‘அடுத்த நிறுத்தம் 300 மீட்டரில்’ என்று கைபேசி காட்டினால் பாதிப்பேர் பேருந்து நிற்கும் இடத்தைத் தேடித்தான் போவார்கள். வேட்டை நடப்பது தெருவில்; அசல் நிறுத்தங்களும் அதே தெருவில்தான் இருக்கின்றன. ‘நிலை’யை விளையாட்டுச் செயலிகளின் லெவல் முன்பே பிடித்துக்கொண்டது. ‘தரிப்பு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் இலங்கையில் தரிப்பிடம் என்றாலே பஸ் நினைவுதான் வரும்.

என் பரிந்துரை ‘தேடிடம்’. தேடு, இடம் இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. தேடிடத்தில், தேடிடங்கள், ஏழாம் தேடிடம் என்று உருபும் எண்ணும் தடையில்லாமல் ஒட்டுகின்றன. வடிவமைப்பவருக்கும் இந்தச் சொல் ஒன்றை நினைவூட்டும்: அங்கே தேடிப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். போகிற வழியில் இருக்கிறது என்பதற்காகவே வெறும் முக்கு ஒன்றைச் சேர்த்துவிடுவது இவ்வகை வேட்டைகளில் அடிக்கடி காணும் சோம்பேறித்தனம்.

> ஜியோஃபென்ஸ் = புவிவேலி. நேரடியாகவே இருக்கிறது.

அதுதான் சிக்கல். வேலி என்றால் ஆளை வெளியே நிறுத்துவது. இங்கே ஆள் உள்ளே வந்ததும் கேள்வி திறக்க வேண்டும். ‘வருகை வட்டம்’ என்றால் வேலை புரிகிறது.

ஏன் வட்டம், புள்ளி என்றால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: அகலாங்கு, நெட்டாங்கு எண்களை ஐந்து தசம இடம் வரை எழுதினால் ஏறக்குறைய 1.1 மீட்டர் நுட்பம் கிடைக்கும். கைபேசிக்கு அந்த நுட்பம் கிடையாது. திறந்த வானத்தின் கீழேயே 5 மீட்டர் போலத் தள்ளிக் காட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் நீலப்புள்ளி தெருவைக் கடந்து எதிர்வரிசைக்கே போய்விடும். ஆரம் 5 மீட்டர் என்று வைத்துவிட்டால், ஆடுபவர் சிலையின் பீடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பார், திரை ‘இன்னும் 12 மீட்டர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். 25, 30 மீட்டர் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. செயலி பின்னணியில் இருக்கும்போதும் அறிவிப்பு வர வேண்டுமென்றால் கணக்கே வேறு. ஆண்ட்ராய்டு வழிகாட்டி குறைந்தது 100 முதல் 150 மீட்டர் ஆரம் கேட்கிறது, அப்போதும் அறிவிப்பு சில நிமிடம் பிந்தலாம். ஐஓஎஸ்ஸில் ஒரு செயலி ஒரே சமயத்தில் 20 வட்டங்களுக்கு மேல் கண்காணிக்க முடியாது.

(2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. ஓரிரு நாளிலேயே ஓரெகன் மாநிலத்தில் முதல் ஜியோகேச்சிங் பெட்டி ஒளித்துவைக்கப்பட்டது; ஒருவர் ஒளித்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடும் விளையாட்டு அது. அதற்கு முன் பிழை 100 மீட்டர் வரை போகும். அப்போது இந்த விளையாட்டை யாரும் யோசிக்காததில் வியப்பில்லை.)

வட்டம் என்று பெயரிட்டால் இன்னொரு தவறும் கண்ணில் படும். இரண்டு தேடிடங்கள் 40 மீட்டர் இடைவெளியில், ஆரம் 25 வீதம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நடுவில் நிற்பவருக்கு எது திறப்பது? ஜியோகேச்சிங்கில் வெவ்வேறு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும் என்ற விதி இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், இரு ஆரங்களின் கூட்டலைவிடச் சற்றுத் தாராளமாக விட்டால் போதும்.

> க்ளூ = துப்பு. இதில் விவாதமே இல்லை.

இருக்கிறது. பொத்தானில் தனியாகத் ‘துப்பு’ என்று எழுதிப் பாருங்கள். கைபேசி நம்மை எச்சில் துப்பச் சொல்லும். வாக்கியத்துக்குள் வந்தால் இந்தச் சங்கடம் இல்லை: ‘துப்பைக் காட்டு’.

அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் க்ளூ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஆளை இடத்துக்குக் கூட்டிவருவது. மற்றது வந்தவர் உண்மையாகவே வந்தாரா என்று பார்ப்பது. மணிக்கூண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

நாலு திக்கும் முகமுண்டு, கண்ணில்லை;
ஓயாத கையுண்டு, காலில்லை.

இது கூட்டிவரும். இதற்குத் ‘துப்பு’. அங்கே போனதும் ‘வடக்கு முகத்தில் நாலாம் எண் நாலு கோடாக இருக்கிறதா, ஐந்தின் இடப்பக்கம் ஒரு கோடாக இருக்கிறதா?’ என்று கேட்கிறோம். ரோமன் எண் போட்ட பல கடிகாரங்களில் அது நாலு கோடாகத்தான் இருக்கும். அண்ணாந்து பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. இதற்குச் ‘சான்றுக்கேள்வி’ என்று பெயர் வைக்கலாம். செதுக்கியதை, வார்த்ததைக் கேளுங்கள். ஒட்டியதை, மாட்டியதைக் கேட்டால் அடுத்த மாதம் வேட்டை செத்துவிடும்.

*

வணக்கம். தேடிடம், வருகை வட்டம் இரண்டுக்கும் என் ஆதரவு. சான்றுக்கேள்வி என்பதில் நீதிமன்ற வாடை அடிக்கிறது. இரண்டே விடை உள்ள கேள்வி என்றால் காசைச் சுண்டிப் போட்டே பாதிப்பேர் தப்பிவிடுவார்களே? படியை எண்ணச் சொல்லலாம். தவிர, துப்புப் புரியாமல் முழிப்பவருக்குக் கொடுக்கும் ஹின்ட்டை விட்டுவிட்டீர்கள். ‘கோடி காட்டுதல்’ அழகான வழக்கு, ஆனால் மதிப்பெண் பக்கத்தில் ‘2 கோடி பயன்படுத்தினீர்கள்’ என்று வந்தால் வருமான வரிக்காரர் வந்துவிடுவார். ‘சாடை’ எப்படி?

*

சாடை சரி. சாடையாகச் சொன்னான் என்பது பேச்சில் உயிரோடு இருக்கிறது, ‘சாடை கேள்’ என்று பொத்தானிலும் அடங்குகிறது. முதல் சாடை திசையையும் இரண்டாவது பொருளையும் சொல்லட்டும். மூன்றாவது இடத்தின் பெயரையே சொல்லிவிடலாம், வெயிலில் நிற்பவரை அதற்குமேல் சோதிக்கக் கூடாது.

படி எண்ணுவது நல்ல யோசனை. ஆனால் தரைமட்டத்தைப் படியாகச் சேர்ப்பதா என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு வரும், ஆகவே ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏற்கும்படி வைக்க வேண்டும். சான்றுக்கேள்வியை வடிவமைப்பவர் ஆவணத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஆடுபவர் திரையில் வெறும் ‘கேள்வி’ போதும்.

வட்டத்துக்குள் நின்றும் திறக்காதபோது என்ன எழுதுவது என்பது மட்டும் பாக்கி. ‘இருப்பிடப் பிழை’ என்று போட்டால் ஆடுபவர் தன் மேல்தான் தவறு என்று நினைப்பார். ‘இங்கே சிக்னல் தடுமாறுகிறது, நாலடி நகர்ந்து பாருங்கள்’ என்பது என் வரைவு. சிக்னலுக்குத் தமிழ் கேட்பவர்கள் தனி இழை தொடங்கலாம்.