மறு: மறு: நினைவுத்தூணுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய்

எல்லாருக்கும் வணக்கம்.

பணம் தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. பஹ்ரைன் அண்ணன் அதற்குள் எங்க அப்பா காலத்து வலைத் தகராறு வரைக்கும் போயிருக்க வேண்டாம். அதைப் பேசத்தான் வேண்டும் என்றால், அண்ணனுடைய முதல் வள்ளத்துக்கு யார் ஜாமீன் நின்றது என்பதையும் சேர்த்தே பேசுவோம்.

என் கேள்வி, சுனாமி நினைவுத்தூண் கல்லில் என்ன வெட்டப் போகிறோம் என்பது. தலைவர் அனுப்பிய மாதிரிப் படத்தில் செத்தவர்கள் பெயர் ஒரு பக்கம், மற்ற மூன்று பக்கமும் நன்கொடையாளர்கள். 25,000 கொடுத்தால் பொன்னெழுத்தாம். போன மாதம் ஊருக்குப் போன அக்கா, கல்லறைத் தோட்டத்துப் பழைய பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். உப்புக்காற்றில் பிள்ளைகளின் பெயர் பாதி உதிர்ந்து போச்சு. திறந்து வைத்தவர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அது பித்தளை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இலங்கையைச் சுற்றி வளைந்து வந்த அலை நம்ம கன்னியாகுமரிக் கரையையும் விடவில்லை. மணக்குடியில் பாலத்தையே தூக்கிக்கொண்டு போனது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கரையேறி ஓடினவர்களை, கடலோரமாகப் போகும் ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. நம்ம ஊர்க் கதையும் அதேதான்.

அந்தக் கால்வாய்ச் சேற்றில் இறங்கியது யார்? நாம் யாரும் இல்லை, பாதிப்பேர் அப்போதே வளைகுடாவில். திங்கள்சந்தைப் பக்கமிருந்து வந்த கொத்தனார்கள், பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த பையன்கள், அப்புறம் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்த துப்புரவுத் தொழிலாளிகள். முன்பின் தெரியாத ஒருவர் தன் சாரத்தை அவிழ்த்து எங்க சித்தியைப் போர்த்திவிட்டு, அரை டவுசரோடு மறுபடி உள்ளே இறங்கினார். அவர் எந்த ஊர், யார் மகன், யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் யாரும் இல்லை.

சாயங்காலம் ஒரு அண்டா நிறைய மரச்சீனிக் கிழங்கும் கட்டன்காப்பியும் வந்தது. மீன் வேண்டாம் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த அண்டா இன்னும் கோயில் அடுக்களையில் கிடக்கிறது. விளிம்பில் கொடுத்தவர் வீட்டுப் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, திருவிழாவுக்குப் பாயசம் வைக்க மட்டும் எடுக்கிறோம்.

2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர் பக்கத்து ஆட்கள் தங்கள் படகை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்களே, அவர்களுக்கு எந்தத் தூணில் பொன்னெழுத்து?

பக்கத்து ஊர்த் தூணைவிட நாலடி உயரம் வேண்டும் என்கிற துபாய் தம்பிக்கு: உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். கொடுத்தவர் பெயர் ஒன்றுகூட வேண்டாம். ஒரு பக்கம் செத்தவர்கள், ஒரு பக்கம் வந்து நின்றவர்கள். பெயர் தெரியாதவர்களுக்கு ஊரையாவது போடலாம். விசாரிக்க அக்கா தயார், அண்டாவிலிருந்தே தொடங்குகிறாளாம். இதற்குச் சம்மதித்தால் 5,000 இல்லை, 10,000 அனுப்புகிறேன்.

மஸ்கட்டிலிருந்து,
கீழத்தெரு செல்வம்

——

மறுமொழி: குவைத் மாமா

மருமகனே, யார் பெயரை வேண்டுமானாலும் வெட்டுங்கள். 2005-இல் நாம் பிரித்த பணத்தில் வலைக்கூடத்துக்குக் கொடுத்தது போக மீதி எங்கே? ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. நடுவில் நாலு தாளைக் காணோம். அதற்குப் பதில் வந்த பிறகு தூணைப் பேசலாம்.