காசு கட்டி ஓடுற ரோட்டுல பொலிஸ் மறிக்கலாமா? உங்களுக்கு நடந்தத எழுதுங்க

களுவாஞ்சி வேன்:
போன மாசம் நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள நிக்குது. கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு ஹயர், கனடாக் குடும்பம், லீவு முடிஞ்சு திரும்பிப் போறாங்க, பதினொரு சூட்கேஸ். பொலன்னறுவையில ஒருக்கா, தம்புள்ளையில ஒருக்கா எண்டு நிப்பாட்டி நிப்பாட்டி நேரம் போயிட்டு, அதால யக்கப்பிட்டியில ஹைவேக்கு ஏறினதும் கொஞ்சம் மிதிச்சிட்டன், பொய் சொல்லல்ல. தம்பொக்க தாண்டி மறிச்சாச்சு. பொலிஸ்காரர் கையில இருந்த மெசின என்ட பக்கம் திருப்பிக் காட்டினாரு, 100 லிமிட்டுல 118.

நான் லைசன்ஸ எடுக்கக்குள்ள முன் சீட்டுல இருந்த அந்த அண்ணர் டாஷ்போட்டுல கிடந்த டிக்கட்ட எடுத்து ஜன்னலால நீட்டி, திஸ் இஸ் எ டோல் ரோட், வி பே போ திஸ் எண்டு பெரிய சத்தத்துல சொல்றாரு. பகிடி என்னெண்டா அது ஏறக்குள்ள தார வெறும் டிக்கட்தான், காசு மீரிகமயில இறங்கக்குள்ளதான் கட்டுற, ஒரு சதம் இன்னும் கட்டவேயில்ல. பொலிஸ்காரர் அத வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்துட்டு, இத கவுண்டருக்குக் குடுங்க, லைசன்ஸ எனக்குத் தாங்க எண்டு சிங்களத்துல சொன்னாரு. பின்னால பிள்ளைகள் சிரிச்சிட்டுதுகள், அண்ணருக்கு முகம் செத்துப்போச்சு. 3000 ரூபா ஃபைன் துண்டு.

மறுகா ஏர்போட் மட்டும் அவர் விடல்ல. கனடாவுல கொம்பனிக்காரன்ட ரோட்டு இரிக்காம், அங்க காசு கட்டினா பிறகு ஒருத்தனும் கேக்க ஏலாதாம். மெய்யா? எனக்கு அதுதான் தெரியணும்.

ஆரையம்பதி ஸ்காபரோ:
அவரு டொரொண்டோப் பக்கம் 407 எண்டுற டோல் ரோட்டுல ஓடினதே இல்ல போல, இல்லாட்டி பக்கத்து சீட்டுல நித்திரை. அந்த ரோட்ட கவர்மெண்டு 1999ல கொம்பனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் குடுத்தது, கவுண்டரே இல்ல, மேல கமெரா நம்பர் பிளேட்ட படம் எடுக்கும், பில் வீட்டுக்கு வரும். ஆனா ஸ்பீட் லிமிட் 100, ஒன்ராறியோட சட்டம்தான், திரியிறது ஓபிபி எண்டுற மாகாணப் பொலிஸ்.

நானும் புதுசுல கொம்பனிட கமெராதானே, காசுக்குத்தான் எண்டு நினைச்சு ஓடினவன். விடியக்காலம், வேலைக்குப் பிந்திட்டு, 123. பாலத்துக்குக் கீழ லைட்ட நூத்துட்டு நிண்டவன் அப்பிடியே பின்னால ஏறிட்டான். லைசன்ஸ்ல மூண்டு குத்தப் பொயின்ட் ஏறிட்டு. அந்தக் கிழமையே டோல் பில்லும் வந்து, மனிசி ரெண்டு தாளையும் பிரிட்ஜ்ல ஒரே காந்தத்துல குத்தி வச்சா, ஒரு மாசம் தண்ணி எடுக்கப் போகக்குள்ளயெல்லாம் அதத்தான் பாக்கணும். டோல் கட்டாட்டி பிளேட்ட புதுப்பிக்க விடமாட்டான், அது ஒரு வழக்கு. ஸ்பீட் அது வேற வழக்கு, அது இன்சூரன்ஸுக்குப் போய் அடிக்கும். 150 ஓடிப் பிடிபட்டா ரோட்டுலயே லைசன்ஸ் 30 நாளைக்கு இல்ல, வாகனம் 14 நாள் யார்டுல. அண்ணர்ட்ட சொல்லுங்க.

கல்லடிப் பாலத்தடி:
முதல்ல ஒண்டு. நம்மட ஹைவே ஒண்டும் பிரைவேட் இல்ல. 2011ல திறந்த தெற்கு ஹைவேயும் சரி, 2022ல திறந்த இந்த மீரிகம துண்டும் சரி, வீதி அபிவிருத்தி அதிகார சபைதான் நடத்துற. கனடாவக் கொண்டுவந்து இதுக்குள்ள ஏன் போடுறீங்க? வேன்காரத் தம்பி கேட்டதுக்கு பதில், 100க்கு மேல ஓடாதீங்க. அவ்வளவுதான்.

ஆரையம்பதி ஸ்காபரோ:
அண்ணே, அவர் கேட்டதே கனடாவத்தான். கடைசி வரிய வாசிங்க.

அறுகம்பே காத்து:
எனக்கு பொலிஸே வேணாம், கவுண்டர் பிள்ளையே திருப்பி அனுப்பிட்டா 😅 நானும் கூட்டாளியும் பொத்துவில்ல இருந்து மோட்டர்சைக்கிள்ல மாத்தறைக்கு, மொனராகலையால இறங்கி, தணமல்வில தாண்டி போன் காட்டின பக்கம் போறம். போன்ல கார் எண்டு போட்டுக் கிடந்தது எங்களுக்குத் தெரியா. மத்தள ஹைவே வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு. ரோட்டு எண்டா ரோட்டு, கண்ணாடி மாதிரி, ஒரு வாகனம் இல்ல. கவுண்டருக்குக் கிட்டப் போனா உள்ளுக்கிருந்த பிள்ள வாயே திறக்கல்ல, பேனையால கண்ணாடியில டொக் டொக் எண்டு தட்டிட்டு அதே பேனையால வெளிய இருந்த போட்டக் காட்டினா. மோட்டர்சைக்கிள் படம், த்ரீவீல் படம், ரெண்டுக்கும் மேல சிவப்புக் கோடு. செக்கியூரிட்டி ஐயா விசில் ஊதி பின்னால வந்த காரை மறிச்சுப் பிடிக்க, நாங்க ஹெல்மட்டோட தலையக் குனிஞ்சு திரும்பின.

பெற்றோலுக்கு நாங்களும்தான் வரி கட்டுறம், ஆனா ஏற ஏலா. காசு கட்ட ரெடி எண்டாலும் ஏலா. அப்ப காசுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்ல எண்டு அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு.

காத்தான்குடி காக்கா:
தம்பி, ஹைவேல பைக் விட்டா மையத்துதான், அந்தப் பிள்ளைக்கு துஆ செய்ங்க.

நான் துபாய்ல 9 வருசம் டிரைவர். அங்க சாலிக் எண்டு டோல், கேட்டுக்குக் கீழால போனா காசு தானா வெட்டும், என்ட காலத்துல 4 திர்ஹம். அது இப்ப பங்குச் சந்தையில பங்கு விக்கிற கொம்பனி, 2022ல இருந்து. ஆனா ஸ்பீட் பிடிக்கிற ராடார் பொலிஸ்ட. ரெண்டும் மெசேஜ்ல வரும். சாலிக் மெசேஜ் வந்தா எனக்கு ஒண்டுமில்ல, மொதலாளி பாத்துக்குவாரு, ராடார் மெசேஜ் வந்தா என்ட சம்பளம். துபாய்ல ஸ்பீட் போட்டுல உள்ளதுக்கு மேல 20 கிலோமீட்டர் மட்டும் விடுவான். அபுதாபியில 2018ல அத எடுத்துட்டான், எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. அதே கால், அதே மிதி, எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்துல போன் டிங் எண்டிச்சு, சாலிக்காக்கும் எண்டு பாக்காம விட்டுட்டன், ராவு ரூமுல பாத்தா ராடார். அண்டைக்கு சோறு இறங்கல்ல. இப்ப ஊருல இருந்தும் டிங் சத்தம் கேட்டா நெஞ்சு ஒருக்கா அடிக்கும்.

செட்டிபாளையம் யூகே:
இங்க எம்6 டோல் எண்டு ஒண்டு, பர்மிங்ஹாம் பக்கம், 27 மைல், 2003 டிசம்பர்ல திறந்தது, நடத்துறது கொம்பனி. காசு கூட எண்டு சனம் பெரிசா ஏறாது. சாமத்திய வீடு ஒண்டுக்குப் போய் ராவு திரும்பி வாறம், ரோட்டு வெறிச்சுக் கிடக்கு, 70 மைல் லிமிட்ட நான் மறந்தே போனன். பின்னால ஒரு சாம்பல் கார், ஆரோ நம்மட ஆக்களாக்கும் எண்டு பாத்தா முன் கிரில்லுக்குள்ளால நீல லைட். வந்தவர் டோர்ச்ச பின் சீட்டுக்கு அடிச்சாரு, மாமி மடியில முறுக்கு டின், மூடி இல்ல, மாமி எழும்பி தம்பிக்கு ரெண்டு குடு எண்டுறா. நான் செத்தன். முறுக்கு எடுக்கல்ல, ஃபைன் எழுதினாரு.

இங்கத்த சட்டத்துல பொதுசனம் போக வர ஏலுமான ரோட்டெல்லாம் ரோட்டுதான், ஆருட காணி எண்டுறது கணக்கில்ல. மாறிப்போடாதீங்க, சூப்பர்மார்க்கட் பார்க்கிங்ல கொம்பனி ஒட்டுற துண்டு வேற சாமான், அது பொலிஸ் ஃபைன் இல்ல, பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனா அதே பார்க்கிங்ல குடிச்சிட்டு ஓடினா பொலிஸ்தான் வரும்.

செங்கலடிச் சந்தி:
என்னையும் 2019ல தெற்கு ஹைவேல மறிச்ச, 112, அவ்வளவுதான் கத. வேன் தம்பிக்கு சில விசயம் சொல்லணும். அந்தத் துண்டுதான் இப்ப உங்கட லைசன்ஸ், 14 நாளைக்கு மட்டும்தான், பிறகும் அத வச்சு ஓடாதீங்க. காசு எந்தத் தபால் கந்தோர்லயும் கட்டலாம், மட்டக்களப்புலயே கட்டலாம், ஆனா ரிசீட்டக் கொண்டுபோய் பிடிச்ச பொலிஸ்லதான் லைசன்ஸ் எடுக்கணும், ஆக்கள் இதத்தான் மறக்குறது. 14 நாள் தாண்டினா ரெண்டு மடங்கு, 28 தாண்டினா கோட்டுல வழக்கு. கோட்டுக்குப் போனா ஒரு நாள் ஹயர் போச்சு, குருநாகலுக்கு பஸ் காசு, சாப்பாடு, எல்லாம் சேத்துப் பாருங்க. துண்ட போன்ல படம் எடுத்து வைங்க, சேட்டுப் பொக்கட்ல வச்சா மனிசி தோச்சிடுவா, எனக்கு நடந்தது. அடுத்த ஹயர் கொழும்புப் பக்கம் வந்தா அதோட சேத்து லைசன்ஸ எடுங்க, தனியப் போகாதீங்க. ஏறுறதுக்கு முதல் டயர் காத்துப் பாருங்க, கூரையில சூட்கேஸ் கட்டினா 100ம் கூட, 80ல போங்க. ஒண்டுக்கு வந்தா ஹைவேல கரையில நிப்பாட்டாதீங்க, ஏறுறதுக்கு முதலே எல்லாரையும் இறக்கி அனுப்புங்க. வாகனம் நிண்டா 1969க்கு அடிங்க. முன்னால இருக்கிற ஆளுக்கு பெல்ட் போடுங்க, பெல்ட் போட்டா வாயும் கொஞ்சம் குறையும்.

களுவாஞ்சி வேன்:
அண்ணே 11வது நாளே எடுத்துட்டன் 🙏 மீன் லொறி ஒண்டுல குருநாகல் மட்டும் போய் எடுத்த, உடுப்பு ரெண்டு நாள் நாறிச்சு. கனடா அண்ணருக்கு 407 கதைய வொய்ஸ்ல அனுப்பினன், நீல டிக் விழுந்திட்டு, பதில் இல்ல.

தாழங்குடா நெசவு:
தம்பி, வாற 17ம் திகதி ராவு ரெண்டரை ஃபிளைட், நாங்க ஆறு பேர், சாமான் கூட. வருவீங்களா?

களுவாஞ்சி வேன்:
வருவன் அக்கா. ஆனா காலையில பத்து மணிக்கே வெளிக்கிடணும், இனி நான் 90தான். முன் சீட்டுல ஆர் இருக்கிற எண்டு முதல்ல சொல்லுங்க.