இமாம் ஸஜ்தா ஸஹ்வு (தொழுகைல மறதி வந்தா கடைசில நெத்திய தரைல வச்சு செய்யுற ஸஜ்தா) செய்யுமுன்ன நான் எந்திரிச்சுட்டேன், தொழுகை கூடுமா?

அஸ்ஸலாமு அலைக்கும். விளக்குத்தூண் பக்கம் கடை வச்சிருக்கேன், நேத்து லுஹருக்கு (மதியத் தொழுகை) யாவாரத்த விட்டு ஓடி, ஒளு செஞ்ச கை காயாமலே ரெண்டாவது ரக்அத்துல (தொழுகையோட ஒரு சுற்று) போய் சேர்ந்தேன். இமாம் ரெண்டாவது முடிஞ்சதும் வர்ற நடு இருப்புல உக்காராம நேரா மூணாவதுக்கு எந்திரிச்சுட்டாரு, பின்னாடி மோதினார் (பாங்கு சொல்றவர்) தப்ப உணர்த்த சுப்ஹானல்லாஹ்னு சத்தம் குடுத்தாரு, ஆனா இமாம் முழுசா நிமிந்துட்டதால திரும்பல, அது சரிதான்னு எனக்கும் தெரியும்.

கடைசில வலப்பக்கம் ஒரு ஸலாம் குடுத்தாரு பாருங்க, நான் முடிஞ்சுருச்சுன்னு விட்டுப்போன ஒரு ரக்அத்துக்கு எந்திரிச்சுட்டேன், கைகட்டி பார்த்தா சஃப்பு (வரிசை) மொத்தமும் ஸஜ்தாவுல கெடக்கு, நான் மட்டும் கொடிமரம் மாதிரி நிக்கிறேன்😓 பதறிப்போய் திரும்பாம அப்படியே முடிச்சுட்டேன், தனியா ஸஹ்வும் செய்யல.

நாங்க ஹனஃபி மத்ஹப் (மார்க்க சட்டப் பிரிவு). பக்கத்து கடை கீழக்கரை பாய் ஷாஃபி மத்ஹப், எங்கள்ல ஸலாமுக்கு முன்னாடியே ஸஜ்தா, உமக்கு இந்த குழப்பமே வந்துருக்காதுன்னு சிரிக்கிறாரு. அத்தா திரும்ப தொழுதுருங்கிறாங்க.

நான் உடனே உக்காந்து இமாமோட ஸஜ்தா செஞ்சிருக்கணுமா, இல்ல என் ரக்அத்த முடிச்சு கடைசில செஞ்சிருக்கணுமா? இப்ப லுஹர களா செய்யணுமா (நேரம் போனப்புறம் திரும்ப தொழணுமா)? ஓதுன ஆலிம்க யாராச்சும் இருந்தா ஹனஃபி சட்டப்படி சொல்லுங்க, அவங்கவங்க யூகம் வேணாம் ப்ளீஸ்.