நிமோனியா வந்தவருக்கு ட்ரோபோனின் ஏன் கூடுகிறது?

கேள்வி:
68 வயது, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். நிமோனியாவுக்கு அட்மிட் ஆனபோது ட்ரோபோனின் (இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருந்தது. ஆஞ்சியோவில் புது அடைப்பு இல்லை. நுரையீரல் தொற்று இதயத்தை எப்படிப் பாதிக்கிறது? டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், இனி எவ்வளவு நாள் கவனம் தேவை?

பதில் 1:
காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு சுமார் 10 கூடும். துடிப்பு கூடக்கூட, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளர்ந்து விரியும் நேரம் குறையும். இடது பக்க இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வது அந்த நேரத்தில்தான். கூடவே ஆக்சிஜனும் இறங்கினால், புது அடைப்பு இல்லாமலே தசை காயப்படும். இவருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

இதைவிடப் பயப்பட வேண்டியது வேறு. தொற்றின் அழற்சியால் ரத்தக்குழாயின் உட்சுவர் பாதிக்கப்பட்டு, பழைய கொழுப்புப் படிவின் மேல்மூடி கிழியலாம். கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் திரண்டு ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் இந்த ஆபத்து சுமார் 6 மடங்கு. நிமோனியாவில் முதல் 30 நாள்தான் மோசம்; ஆனால் ஆபத்து முழுசாக வடிய வருஷக்கணக்காகும்.

பதில் 2:
மருந்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சல் என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தாமாக நிறுத்தவே கூடாது. உடம்பு வலிக்கு இபுபுரூஃபன் வேண்டாம்: தட்டணுவில் ஆஸ்பிரின் ஒட்டவேண்டிய இடத்தை அது மறித்துக்கொள்ளும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பாராசிட்டமால் போதும். சளி மாத்திரை அட்டையில் பினைலெஃப்ரின் இருக்கிறதா பாருங்கள், பிரஷரை ஏற்றும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை சிதையலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. படுத்தால் மட்டும் இருமல் வருகிறது. சளி மிச்சம் என்று சிரப் கொடுக்கலாமா?

பதில் 3:
சிரப் கொடுத்துத் தள்ளிப்போடாதீங்க. உட்கார்ந்தால் அடங்கி, படுத்தால் வரும் இருமல் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்ப்பதாலும் வரும். தலையணை ஒன்றுக்கு இரண்டாகிறதா, சாக்ஸ் கழற்றினால் தடம் பதிகிறதா பாருங்கள். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 2, 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர்தான். நாளைக்கே காட்டி எக்கோ (இதய ஸ்கேன்), பிஎன்பி (இதயம் திணறுகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) தேவையா கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே போகணும். நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் 108.

தேறியதும் ஃப்ளூ ஊசி வருஷாவருஷம், நிமோகாக்கல் ஊசி எப்போது என்று கேட்டுப் போட்டுவிடுங்கள்.