நீங்கள் ஏறிப் பார்த்த பழைய பாய்மரக் கப்பல் எது?

நெய்தல்:
ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வாசா கப்பல். அருங்காட்சியகத்தில் வெளிச்சம் குறைவு. கண் பழகப் பழக, 69 மீட்டர் நீளப் போர்க்கப்பல் தலைக்கு மேலே எழும்பி நிற்கிறது. ஏற விடுவதில்லை, சுற்றித்தான் பார்க்கலாம். பின்புறம் முழுக்க மரச்சிற்பம், நம் தேர்களைப் போல ஒரு சாண் இடம்கூட விடவில்லை.

1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். சுமார் 1300 மீட்டர் போனதும் காற்று ஒரு தள்ளு தள்ள, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. மேலே 64 பீரங்கிகள், அடியில் அதைத் தாங்கும் அகலமும் பாரமும் இல்லை. இது கிளம்பும் முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. 30 பேரைத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள், பயணத்தை அல்ல. ஸ்வீடன் ராஜா போலந்தோடு சண்டையில் இருந்தார், கப்பல் உடனே வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அவரிடம் யார் போய்ச் சொல்வது? விசாரணை நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை.

1961-ல் வெளியே எடுத்தார்கள். பால்டிக்கில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் 333 வருடம் கழித்தும் முழுசாகக் கிடைத்தது.

கோணேசர் ஊரான்:
நான் திருகோணமலைக்காரன், இருப்பது வட இங்கிலாந்தில். பக்கத்தில் ஹார்ட்டில்பூலில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இருக்கிறது: எச்எம்எஸ் டிரிங்கோமலி. மூழ்கி எழுந்த கதை இதற்கு இல்லை, இன்றும் மிதக்கிறது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தாரிடம் தேக்கில் கட்டச் சொன்னார்கள். வரைபடங்களைக் கொண்டுபோன கப்பலை 1812-ல் அமெரிக்கர்கள் பிடித்து எரித்துவிட, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. 1817-ல்தான் கடலில் இறக்கினார்கள்.

கீழ்த்தளத்தில் குனிந்தே நடக்க வேண்டும். அந்தக் காலக் கடற்படையில் தூக்குப் படுக்கைக்கு ஆளுக்கு 14 அங்குலம்தான். பக்கத்து ஆள் காவல் வேலைக்குப் போனால் 28. என் மகன் கையால் அளந்து பார்த்துவிட்டு, "அப்பா, புரளவே ஏலாதே" என்றான்.

மரக்கலம்:
தேக்கு என்றதும் லண்டன் கிரீனிச்சில் இருக்கும் 'கட்டி சார்க்' (Cutty Sark) என்ற சரக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. அதில் சட்டகம் இரும்பு, பலகை மரம். கப்பலைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் அடியிலேயே நடந்து போகலாம். புழு அண்டாமல் அடித்த உலோகத் தகடு தங்கம் போல மின்னுகிறது. சீனத்துத் தேயிலையை இங்கிலாந்துக்குக் கொண்டுவர 1869-ல் கட்டினார்கள். அதே வருடம் சூயஸ் கால்வாய் திறந்தது. பாய்மரம் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும், நீராவிக் கப்பல் குறுக்கே வந்துவிடும். சரி, தேயிலை போனால் போகட்டும் என்று ஆஸ்திரேலியக் கம்பளிக்கு மாறியது. வேகத்துக்குப் பெயர் வாங்கியதே அந்தக் கம்பளி ஓட்டத்தில்தான்.