வயரிங் வகுப்பில் பொடியன்மாரை எழுத வைப்பது எப்படி?

கல்லாறு வயரிங் சேர்:
களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டு வயரிங் படிப்பிக்கிறேன், என்.வி.கியூ. (தொழிற்தகைமைச் சான்றிதழ்) லெவல் 3. பொடியன்மாரின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. வயரை மூடும் கேசிங் அடித்தால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பேனையைக் கொடுத்தால்தான் கை எழும்பாது.

போன கிழமை ட்ரிப் ஸ்விட்ச் பாடம், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வெட்டுமே, அது. பழுது தேடிய விதத்தை எழுதச் சொன்னேன். ஒருவன் எழுதியது இவ்வளவுதான்: "ட்ரிப் ஆனது. பார்த்தேன். சரி." எப்படிப் பார்த்தாய் என்று கேட்டால் பத்து நிமிடம் நின்று விளக்குகிறான். வாயில் இருப்பது கொப்பிக்கு வரவில்லை.

வாசிப்பு அதைவிட மோசம். எவ்வளவு கசிந்தால் விழும் என்பது ஸ்விட்சின் முகத்திலேயே 30 மில்லி அம்பியர் என்று அடித்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. டெஸ்ட் பட்டன் எதற்கு என்றேன். "அது கம்பெனிக்காரன் அமத்திப் பார்க்கிறதுக்கு சேர்." உள்ளே வேண்டுமென்றே சின்னக் கசிவை உண்டாக்கி, ஸ்விட்ச் விழுகிறதா என்று வீட்டுக்காரன் பார்ப்பதற்கல்லவா அது!

நான் தமிழ் வாத்தியார் இல்லை. என்ன செய்யலாம்?

வாழைச்சேனை எஞ்சின்காரன்:
சேர், நான் படகு எஞ்சின் படிப்பிக்கிறவன். ஒருவன் எழுதுவான், இன்னொருவன் அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். எழுதினவன் வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் ஒரு தம்பி "பெற்றோலுக்கு ஒயில் கொஞ்சம் ஊற்றவும்" என்று எழுதினான். செய்ய வந்தவன் கானைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் எண்டா மூடியாலயா, கோப்பையாலயா?" என்றான். வகுப்பே இரண்டுபட்டது. ஒருவன் வாப்பா ஊற்றும் கணக்கைச் சொல்ல, மற்றவன் மாமாவின் கணக்கைச் சொன்னான். கடைசியில் அவர்களாகவே எஞ்சின் புத்தகத்தைத் திறந்தார்கள். எங்களிடம் உள்ள டூ ஸ்ட்ரோக்குக்கு 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

மருதமுனை தையல் டீச்சர்:
நல்ல வழி சேர். ஆனால் எழுத்துப் பிழைக்குச் சிவப்புப் பேனை எடுக்காதீங்க. ஓ.எல். வரைக்கும் அதைக் கண்டு வெறுத்துத்தான் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். நான் முதலில் வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடச் சொல்வேன். அப்புறம் அதைக் கேட்டு அவர்களே எழுத வேண்டும். அளவு பிழைத்தால் மட்டும் விடமாட்டேன். கழுத்துக்கு 6 அங்குலம் எழுதவேண்டிய இடத்தில் 9 எழுதித் தைத்த சட்டை இன்னும் என் அலுமாரியில் தொங்குகிறது.

கல்லாறு வயரிங் சேர்:
டீச்சர், எஞ்சின் அண்ணன், இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தேன். "பார்த்தேன். சரி." எழுதினானே, அவனேதான். வொய்ஸைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒன்பது வரி எழுதினான். "எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் போர்டில் உள்ள சின்ன ஸ்விட்ச்) இறக்கினேன். ட்ரிப்பை ஏற்றினேன், நின்றது. ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாலாவதில் விழுந்தது. அது தண்ணி மோட்டர்..." என்று போகிறது.

தாளோடு அடுத்தவனை போர்டுக்கு அனுப்பினேன். அவன் திரும்பி, "நாலாவது எண்டா எந்தப் பக்கத்திலிருந்து?" என்றான். எழுதினவனுக்கு வந்த கோபம்! பதில் சொல்ல வாயெடுத்தான், நான் விரலைக் காட்டினேன். தாளைப் பிடுங்கி "இடப்பக்கமிருந்து" என்று வரிக்கு நடுவில் செருகினான்.

இப்போது ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் பெயர் எழுதி ஒட்டவேண்டும் என்று அவனே நிற்கிறான். ஸ்டிக்கர் காசு என் பொக்கற்றில் இருந்துதான் போகும் போல.