வகைக்கெழுவை எந்த நிகழ்விலிருந்து தொடங்குவது?

கேள்வி: பதினோராம் வகுப்பு மாணவர்கள் வகைக்கெழு (ஓர் அளவு ஒரு கணத்தில் மாறும் வீதம்) சூத்திரங்களைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள், ஒரு கணத்தில் வேகம் என்றால் என்ன என்று கேட்டால் திகைக்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: விழும் கல்லே போதும். காற்றுத்தடையைப் புறக்கணித்தால், நொடிகளின் வர்க்கத்தை 4.9ஆல் பெருக்க, விழுந்த தொலைவு மீட்டரில் கிடைக்கும். முதல் நொடி முடிந்ததும் வரும் 0.1 நொடியில் சராசரி வேகம் நொடிக்கு 10.29 மீட்டர், 0.01 நொடியில் 9.849, 0.001 நொடியில் 9.8049 என மாணவர்களே கணக்கிட்டு, அது 9.8ஐ நெருங்குவதைக் கண்ட பிறகு, இப்படி நெருங்கப்படும் மதிப்பே எல்லை என்று அறிமுகப்படுத்துங்கள்.

பதில் 2: அடுத்துச் சுங்கச்சாவடிக் கணக்கைத் தரலாம். இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு இடையிலான 100 கி.மீ. தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்த வண்டி, ஏதேனும் ஒரு கணத்திலாவது சரியாக அந்த வேகத்தில் சென்றிருக்கும் என்கிறது சராசரி மதிப்புத் தேற்றம். (அபராதம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள்.)

கேள்வி கேட்டவர்: இடைவெளியையே பூச்சியமாக்கலாமே என்று கேட்டால்?

பதில் 1: கேட்கட்டும். தொலைவும் நேரமும் பூச்சியமாகி, வகுத்தல் பொருளற்றுப் போவதால்தான் எல்லை தேவைப்படுகிறது.